நாய்க்குத் தாங்கும், பூனைக்குத் தாங்காது

உண்ணி பிடித்த நாய்க்குப் பிடரியில் விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். நாய் வாலை ஆட்டிக்கொண்டு போய்விடும். மிச்சத்தை வீணாக்குவானேன் என்று அதையே பூனைக்கும் விட்டால், சில மணி நேரத்தில் அதன் காது துடிக்கத் தொடங்கும். ஈரத்தை மிதித்துவிட்டதுபோல் பாதத்தை உதறும். அப்புறம் உடம்பெல்லாம் நடுக்கம், வலிப்பு. 45 சதவீத மருந்தில் 1 மில்லி போதும், நாலரைக் கிலோ பூனையின் உயிருக்கே ஆபத்து.

பெர்மெத்ரின், பைரித்ராய்டு குடும்பத்தைச் சேர்ந்தது. சாமந்திக்கு உறவான ஒரு வெள்ளைப் பூவின் நஞ்சைப் பார்த்துச் செய்த நகல். பூவின் சரக்கு வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும். வெயிலுக்கு அசையாத பெர்மெத்ரினை 1973இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட் குழுவினர் உருவாக்கினார்கள். நம் வீட்டுக் கொசுவத்தியிலும் லிக்விடிலும் பெரும்பாலும் இதன் உறவுக்காரர்கள்தான்.

சரி, காது ஏன் துடிக்கிறது? நரம்புச் செல்லின் சவ்வில் சோடியம் நுழைவதற்கென்று கதவுகள் இருக்கின்றன. செய்தி வந்ததும் ஒரு கதவு திறக்கும், சோடியம் பாயும், அந்த மின்மாற்றம் பக்கத்துக் கதவைத் திறக்கும். திறந்த கதவு ஓரிரு மில்லிசெகண்டில் தானாக அடைத்துக்கொள்ள வேண்டும். பைரித்ராய்டு அதற்கு ஆப்பு வைத்துவிடுகிறது. சோடியம் கசிந்துகொண்டே இருக்க, ஒரு தடவை சொல்ல வேண்டிய சேதியை நரம்பு திரும்பத் திரும்பச் சொல்கிறது. தசை என்ன செய்யும்? ஒவ்வொரு தடவையும் சுண்டுகிறது.

இந்தக் கதவு கொசுவுக்கும் உண்டு, நமக்கும் உண்டு. நம்முடையதில் ஆப்பு அவ்வளவு இறுக்கமாகப் பொருந்தாது. தவிர, உடல் சூடாக இருந்தால் அது சீக்கிரம் நழுவிவிடும். மீதியை ஈரல் பார்த்துக்கொள்கிறது: மூலக்கூறை இரண்டாக வெட்டி, குளுக்குரோனிக் அமிலத்தை ஒட்டி, சிறுநீரில் கரைத்து அனுப்பிவிடும். பூனையிடம் அந்த ஒட்டும் வேலைக்கான மரபணுக்களில் ஒன்று பழுதாகிக் கிடக்கிறது. பாராசிட்டமால் பூனைக்கு விஷமாவதும் இதனால்தான். பெர்மெத்ரின் வெளியேற வழியில்லாமல் தங்கிவிடுவதற்கும் இதையே காரணமாகச் சொல்கிறார்கள்.

மீனின் நிலைமை இன்னும் மோசம். குளிர்ந்த உடம்பு, மெதுவாக வெட்டும் ஈரல், போதாக்குறைக்குத் தண்ணீரில் இருப்பதையெல்லாம் இழுத்துக்கொள்ளும் செவுள். லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் கலந்தாலே பல மீன்கள் செத்துவிடும். கரப்பானுக்கு ஸ்ப்ரே அடிக்குமுன் மீன்தொட்டியை மூடி, காற்று மோட்டாரையும் நிறுத்தச் சொல்வது சும்மா இல்லை.

பூனைமேல் தவறிப்போய் மருந்து பட்டுவிட்டால், பாத்திரம் கழுவும் திரவம் போட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவி, துவட்டி, உடனே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். சுடுநீர் கூடாது, தோலில் ரத்த ஓட்டம் கூடி மருந்து வேகமாக இறங்கும். பச்சைத் தண்ணீரும் கூடாது. உடம்பு குளிர்ந்தால் அந்தக் கதவுகள் இன்னும் அதிக நேரம் திறந்தே கிடக்கும்.