அனுமதி அட்டையில் (காட்) திகதி இருக்கிறது, அனுமதி இருக்கிறதா? சுவிஸிலிருந்து ஊருக்கு வந்து தங்குபவர்களுக்கு

வீடு திருத்தலாம் என்று வருவார்கள், அப்பா படுக்கையில் விழுந்துவிட்டார் என்று வருவார்கள், வந்த பிறகு கோணேசர் திருவிழாவும் முடியட்டும், காணி உறுதி வேலையும் முடியட்டும் என்று மாதங்கள் ஓடிவிடும். திருகோணமலையில் இப்படி இலங்கைக் கடவுச்சீட்டும் சுவிஸின் நிரந்தர வதிவிட அனுமதியான 'சீ' அனுமதியுமாக வந்து நிற்பவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "காட் இன்னும் மூன்று வருசத்துக்கு இருக்குது, பயமில்லை." பயம் அங்கேதான் இருக்கிறது. அட்டையில் அச்சடித்திருப்பது அந்த அட்டையை மாற்ற வேண்டிய திகதி மட்டும்தான். சீ அனுமதிக்கு முடிவுத் திகதியே கிடையாது, ஆனால் நாட்டுக்கு வெளியே ஆறு மாதம் இருந்தால் அது தானாகவே அற்றுப்போகும். யாரும் கடிதம் போட்டு இரத்துச் செய்யத் தேவையில்லை. காலவரையறையோடு தந்து புதுப்பிக்கும் வதிவிட அனுமதியான 'பி' அனுமதிக்கும் இதே ஆறு மாதம்தான்.

ஐந்தாம் மாதம் ஒரு தடவை போய் இரண்டு கிழமை நின்றுவிட்டு வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று பலர் நம்புகிறார்கள். தொடங்காது. உறவினரைப் பார்க்கவோ, சுற்றுலாவாகவோ, வியாபார அலுவலாகவோ போய்வரும் குறுகிய தங்கல் அந்த ஆறு மாதத்தை முறிக்காது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. பிள்ளையை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு விடுமுறைக்கு மட்டும் சுவிஸுக்குக் கூட்டிப்போகும் குடும்பங்களுக்கும் இதேதான், பிள்ளையின் அனுமதியும் போய்விடும்.

சரி, ஆறு மாதத்துக்கு மேல் நிற்கத்தான் வேண்டும் என்றால்? சீ அனுமதி உள்ளவர், அதைக் காப்பாற்றி வைக்கும்படி தான் வசிக்கும் கன்டோனின் (மாநிலத்தின்) குடிவரவு அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கலாம், அதிகபட்சம் நான்கு வருடம் வரை கிடைக்கும். பி அனுமதிக்கு இந்த வசதி இல்லை. விண்ணப்பம் ஆறு மாதம் முடிவதற்கு முன் போயிருக்க வேண்டும். ஜனவரி 10 சூரிச்சில் விமானம் ஏறியவருக்கு ஜூலை 10தான் எல்லை, ஜூலை முதல் கிழமையில் உவர்மலையிலிருந்து தபாலில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. ஏன் போகிறேன், எவ்வளவு காலம், திரும்பி வருவேன் என்பதற்கு என்ன ஆதாரம் என்று தெளிவாக எழுத வேண்டும், தற்காலிகமாகத்தான் போகிறார் என்று அவர்கள் நம்பினால்தான் கொடுப்பார்கள். என்னைக் கேட்டால் புறப்படுவதற்கு முன்பே இதைச் செய்து, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுவதுதான் புத்தி.

இன்னொரு பொறி கெமைண்டேயில், அதாவது வசிக்கும் ஊரின் நிர்வாக அலுவலகத்தில், இருக்கிறது. வாடகையும் மருத்துவக் காப்புறுதிக் காசும் மிச்சம் என்று நினைத்து, வெளிநாடு போகிறேன் என்று பதிவை வெட்டிவிட்டால், அனுமதி அன்றோடு போய்விடும், ஆறு மாதமெல்லாம் பொறுக்காது. பென்சன் காசும் அப்படித்தான்: நாட்டை விட்டு நிரந்தரமாகப் போகிறேன் என்று கையெழுத்து வைத்து இரண்டாம் தூண் எனப்படும் வேலைவழி ஓய்வூதியப் பணத்தை எடுத்துவிட்டு, பிறகு தற்காலிகமாகத்தான் போனேன் என்று சொன்னால் எடுபடுமா? இலங்கைக்கும் சுவிஸுக்கும் சமூகக் காப்புறுதி ஒப்பந்தம் இல்லாததால் முதியோர் காப்புறுதிக்குக் கட்டிய பணத்தையும் திரும்பக் கேட்கலாம்தான். ஆனால் அதை வாங்கினால் அந்த வருடங்களுக்கான ஓய்வூதிய உரிமை அழிந்துவிடும். ஒரு மாடி கட்டும் ஆசையில் எடுக்கிற முடிவு அல்ல இது.

ஆறு மாதம் ஏற்கெனவே தாண்டிவிட்டதென்றால் பழையதைப் புதுப்பிக்க முடியாது, புதிதாகக் கேட்க வேண்டும். முன்பு அங்கே குறைந்தது ஐந்து வருடம் தற்காலிகமல்லாமல் வாழ்ந்து, தன் விருப்பத்தில் வெளியேறி இரண்டு வருடம் தாண்டாதவருக்குத் திரும்பவும் அனுமதி கொடுக்க இடமிருக்கிறது, அது வழக்கமாக பி அனுமதியாகத்தான் வரும். சீ அனுமதியையே பத்து வருடமாவது வைத்திருந்து, வெளியே இருந்த காலம் ஆறு வருடத்துக்கு மேற்படாதவர் அதைத் திரும்பக் கேட்கலாம். இரண்டிலும் சட்டம் 'கொடுக்கலாம்' என்றுதான் சொல்கிறது, கொடுத்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. கணவனோ மனைவியோ அங்கே இருந்தால் குடும்ப இணைப்பு வழியும் உண்டு. எதுவானாலும் சுற்றுலா விசாவில் போய் இறங்கிவிட்டு அங்கிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், முடிவு வரும்வரை வெளிநாட்டில்தான் காத்திருக்க வேண்டும் என்பதுதான் பொது விதி. விசா அலுவல் கொழும்பிலுள்ள சுவிஸ் தூதரகம் ஊடாக நடக்கும்.

அகதியாக ஏற்கப்பட்டவர்கள் இந்தக் கணக்குக்குள் வரமாட்டார்கள். அவர்கள் இலங்கைக்கு வருவதே தடை, வந்தது தெரிந்தால் அகதி அந்தஸ்தே பறிபோகலாம்.

அனுமதி கிடைத்துத் திரும்பிப் போனால், இறங்கி 14 நாட்களுக்குள், வேலை தொடங்குவதற்கும் முன், கெமைண்டேயில் பதிய வேண்டும். கடவுச்சீட்டு, அனுமதிக் கடிதம், வீட்டு ஒப்பந்தம் கேட்பார்கள், குடும்பமாகப் போனால் விவாகப் பதிவும் பிள்ளைகளின் பிறப்புப் பதிவும் தேவைப்படும், அதை இங்கே பிரதேச செயலகத்தில் எடுத்து மொழிபெயர்த்துக்கொண்டு போவது நல்லது. மருத்துவக் காப்புறுதிக்கு மூன்று மாதம் அவகாசம். அதற்குள் சேர்ந்தால் இறங்கிய நாளிலிருந்தே காப்பு உண்டு, கட்டணமும் அந்த நாளிலிருந்தே. பிந்திச் சேர்ந்தால் சேர்ந்த நாளிலிருந்துதான் காப்பு, மேலதிகக் கட்டணமும் வரும்.