இன்டர்ன்ஷிப்பில் சேரும் முன் போர்டு எங்கே என்று கேளுங்கள்

எம்பெடட் செக்யூரிட்டியில், அதாவது கேமரா, ரௌட்டர் போன்ற கருவிகளின் பாதுகாப்பைச் சோதிக்கும் வேலையில், இன்டர்ன்ஷிப் கேட்டு வரும் மாணவர்களிடம் மல்டிமீட்டரைக் கொடுத்து, கருவிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டில் கிரவுண்ட் பின் எது என்று கேட்பேன். இறுதியாண்டு இசிஇ மாணவர்களே தடுமாறுகிறார்கள். லினக்ஸ் கமாண்ட் எல்லாம் தலைகீழ்ப் பாடம், ஆனால் போர்டைத் தொட்டதில்லை.

ஆள் தேவை உண்மையிலேயே கூடியிருக்கிறது. 2016இல் மிராய் என்ற மால்வேர், ஃபாக்டரி பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துக்கொண்டது. இந்தியாவில் 2025 ஏப்ரல் முதல் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். யூஆர்ட் (போர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் சீரியல் இணைப்பு) போன்ற, பிழை தேடுவதற்கான டீபக் வாசல்கள் மூடப்பட்டோ பாஸ்வேர்டால் காக்கப்பட்டோ இருக்கின்றனவா என்பதும் அதில் பார்க்கப்படுகிறது.

இன்டர்ன் பெரும்பாலும் தொடங்குவதும் யூஆர்ட்டில்தான். பவரை அணைத்துவிட்டு, மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இரண்டு புள்ளிகள் இணைந்திருந்தால் பீப் ஒலிக்கும் நிலை) வைத்துக் கிரவுண்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு ஆன் செய்தால், பூட் ஆகும்போது வோல்டேஜ் துடிக்கிற பின் அநேகமாக டிஎக்ஸ், அதாவது போர்டு தகவல் அனுப்பும் பின். போர்டு 3.3 வோல்ட்டா 1.8ஆ என்று பார்க்காமல் கம்ப்யூட்டரோடு இணைக்கும் 5 வோல்ட் யூஎஸ்பி-சீரியல் அடாப்டரைச் செருகினால் சிப் போய்விடலாம். அது கஸ்டமரின் ஒரே சாம்பிளாகவும் இருக்கலாம். எல்லாம் சரியாக அமைந்தால், பல சமயம் 115200 பாட் ரேட்டில் (தகவல் வரும் வேகம்), பூட் லாக் திரையில் ஓடும். சில போர்டுகளில் பாஸ்வேர்டே கேட்காமல், கருவியின் முழுக் கட்டுப்பாட்டையும் தரும் ரூட் ஷெல் வந்து நிற்கும்.

மாணவர்கள் இங்கே கைதட்டுவார்கள். வேலை அப்புறம்தான் இருக்கிறது. எந்த ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்) வெர்ஷன், எந்த ஹார்டுவேர் ரிவிஷன், வேறொருவர் செய்தாலும் அதே முடிவு வருமா? உள்ளே கிடைத்த என்கிரிப்ஷன் சாவி இந்த ஒரு கேமராவுக்கு மட்டுமா, அந்த மாடல் முழுவதற்குமா? இரண்டாவது என்றால் விஷயமே வேறு. இதையெல்லாம் டெவலப்பருக்குப் புரியும்படி எழுத வேண்டும். ரிப்போர்ட்டைச் சிவப்பு மையால் திருத்தித் தரும் சீனியர் இருக்கிற இடம், என் கணக்கில், ஸ்டைபெண்ட் குறைவாக இருந்தாலும் நல்ல இடம்.

காசு வாங்கிக்கொண்டு, வீடியோ காட்டி, சான்றிதழ் தரும் 'இன்டர்ன்ஷிப்'களும் நிறைய இருக்கின்றன. எந்தக் கருவியில் வேலை, யார் வழிகாட்டி, ரிப்போர்ட்டை யார் படிப்பார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் பணத்தைக் கட்டாதீர்கள்.

இன்னொன்று. கற்ற வித்தையை ஹாஸ்டல் கேமராவில் காட்டிப் பார்க்கும் ஆசை வரும். அனுமதியின்றி நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி தவறு; நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்ததாகத் தெரிந்தால் 66ஆம் பிரிவின்கீழ் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. 'சும்மா டெஸ்ட் செய்தேன் சார்' என்பது எடுபடும் என்று நம்பாதீர்கள். சோதனைக்கு அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும், எந்தக் கருவி, எந்தத் தேதிவரை என்பதோடு.

ப்ராஜெக்ட் வைவாவுக்கு ஸ்கிரீன்ஷாட் கேட்பார்கள். கஸ்டமரின் ஃபர்ம்வேரைக் கிட்ஹப் போன்ற பொதுத் தளத்தில் ஏற்றினால், ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தை மீறியதாகிவிடும். எதைக் காட்டலாம் என்று சேரும் அன்றே கம்பெனியிடம் எழுதி வாங்குங்கள். தரவில்லையா, சென்னை ரிச்சி தெருவில் பழைய வைஃபை ரௌட்டர் ஒன்றை வாங்கி, அதே சோதனையை அதில் செய்து காட்டுங்கள்.