காலைப் படகு சாயங்காலமான கதை

புதுச்சேரியில் ஓவியங்களைப் படமெடுத்துக் கொடுப்பது என் வேலை. முத்தியால்பேட்டையிலிருந்து ஓர் ஓவிய ஆசிரியை வந்திருந்தார். கையில் அவர் வரைந்த நீர்வண்ண ஓவியம் ஒன்று, அதைப் படமெடுத்து அச்சடித்த வாழ்த்து அட்டைகள் ஒரு கட்டு. வீராம்பட்டினம் கரையில் காலை நேரப் படகுகள். "பாருங்க தம்பி, பிரஸ்ல என் படத்தையே கெடுத்துட்டாங்க" என்றார். தாளின் வெள்ளையை அப்படியே விட்டிருந்த வானம், அட்டையில் சந்தனம் பூசியது போல இருந்தது. விடியற்காலை ஆறு மணி சாயங்காலம் ஆறு மணி ஆகிவிட்டது.

ஃபைலைத் திறந்து பார்த்தேன். அதிலேயே மஞ்சள், பிரஸ் மேல் தப்பில்லை. எங்கே வைத்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். "ஒயிட் டவுன்ல, சிநேகிதி வீட்டு முற்றத்துல. நல்ல வெளிச்சம்பா!"

நல்ல வெளிச்சம்தான். ஆனால் வெயில் காயும் மஞ்சள் சுவரில் பட்டுத் திரும்பி வந்த வெளிச்சம். கல்யாண ஜோடிகள் படமெடுக்கத் தேடி வந்து நிற்கிற அந்தச் சுவர், ஓவியத்துக்கு எமன். மரத்தடியில் எடுத்தால் பச்சை சேரும். சிவப்புச் சட்டையோடு பக்கத்தில் நின்றால் அதுவும் கொஞ்சம் ஒட்டும். இந்த வேலைக்கு நான் கறுப்பு டி-ஷர்ட்தான் போடுவேன்.

எல்லாரும் என்னிடம் கேட்பது "என்ன கேமரா வாங்கலாம்?" என்றுதான். விளக்கைப் பற்றிக் கேட்பவர் குறைவு. ஜன்னல் வெளிச்சம், டியூப்லைட், மஞ்சள் பல்பு மூன்றும் ஒன்றாகக் கலந்த அறையில் எந்த ஒயிட் பேலன்ஸும் (வெள்ளை வெள்ளையாகவே வர கேமராவில் செய்யும் நிறச் சரிக்கட்டல்) பலிக்காது. ஒரு மூலையைச் சரிசெய்தால் இன்னொரு மூலை கெடும். ஜன்னலை மூடி மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு, ஒரே மாதிரியான இரண்டு விளக்குகளை மட்டும் வையுங்கள். எல்.இ.டி. வாங்கும்போது அட்டைப்பெட்டியில் சி.ஆர்.ஐ. என்ற எண்ணைப் பாருங்கள். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு நூற்றுக்குப் போடும் மார்க் அது. 95 இருந்தால் நல்லது. மலிவு விளக்குகளில் ஆழ்ந்த சிவப்பு குறைவு, குங்குமச் சிவப்பு செங்கல் நிறமாக வந்து நிற்கும். முதல் படத்தை ஒரு சாம்பல் அட்டையை வைத்து எடுத்து, அதைக்கொண்டு ஒயிட் பேலன்ஸைப் பொருத்திவிட்டால் நிறத் தகராறு பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

விளக்குகள் ஓவியத்துக்கு இருபுறமும், 45 டிகிரி கோணத்தில், கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும். கிட்டே வைத்தால் ஓரம் பளிச்சிடும், நடு மங்கும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க மீட்டர் தேவையில்லை. ஒரு பென்சிலை ஓவியத்தின் நடுவில், தாளில் படாமல் கேமராவை நோக்கி நேராக நீட்டிப் பிடியுங்கள். இரண்டு பக்கமும் விழும் நிழல் ஒரே நீளம், ஒரே கருமை என்றால் சரி. கனமாகப் பூசிய ஆயில் ஓவியமாக இருந்தால் மட்டும் ஒரு விளக்கைக் கொஞ்சம் குறைப்பேன். தூரிகைத் தடம் தெரிய வேண்டுமே.

செட்டிங் சுருக்கமாகச் சொல்கிறேன். ட்ரைபாட், ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 8, ரா ஃபைல் (கேமரா கைவைக்காத மூலப் பதிவு), இரண்டு விநாடி டைமர். ஷட்டர் கால் விநாடி திறந்திருந்தாலும் கவலை வேண்டாம், ஓவியம் எங்கேயும் ஓடாது. ஆனால் ஃபேனை நிறுத்துங்கள். கேன்வாஸ் லேசாக ஆடினாலும் கூர்மை போய்விடும். வெள்ளை அதிகமுள்ள படத்தை கேமரா தானாகச் சாம்பலாக்கப் பார்க்கும், வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் வரை, அதாவது இரண்டு மடங்கு வரை, கூட்ட வேண்டியிருக்கும். ஃபோனில் எடுப்பவர்கள் வைட் லென்ஸைத் தொடாமல், தள்ளி நின்று 2 எக்ஸில் எடுங்கள். இல்லையென்றால் ஓவியத்தின் சட்டம் வயிறு வீங்கியது போல வளையும்.

தஞ்சாவூர் ஓவியம் தனி ஜாதி. முதன்முதலில் எடுத்தபோது நானும் ஏமாந்தேன். எல்லாம் முறைப்படி செய்தும் கிருஷ்ணரைச் சுற்றியிருந்த தங்கம் கரிப்பிடித்த பித்தளையாக வந்தது. அதில் ஒட்டியிருக்கும் தங்க ரேக்கு முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி. எதிரே இருப்பதைத்தான் காட்டும். என் அறை இருட்டு, அதனால் இருட்டைக் காட்டியது. கேமராவுக்கு மேலே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி அதன்மேல் விளக்கை அடித்ததும் தகதகவென்று எழுந்தது. ஓவியத்தின் மேல் கண்ணாடி போட்டிருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் படத்தில் வேட்டிதான் தெரியும்.

நம் ஊருக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. ஏ.சி. அறையிலிருந்து கேமராவை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கத்து வீட்டுக்குப் போனால் லென்ஸில் பனி படியும். துடைத்துத் துடைத்துப் பார்க்காமல், பையை மூடியபடியே அரை மணி நேரம் வைத்துவிடுங்கள்.

சரி, ஆசிரியையின் படகுகளுக்கு வருகிறேன். மறுபடி எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. பாதி நேரம் ஓவியமும் கேமராவும் இணையாக நிற்கிறதா என்று பார்ப்பதிலேயே போனது. திரையில் வானம் தாளின் வெள்ளையாகவே வந்தது. முந்தானையால் விசிறிக்கொண்டே எட்டிப் பார்த்தவர், "எல்லாம் சரிப்பா, ஃபேனை எப்போ போடுவே?" என்றார்.