கொமோடோ உடும்பின் கடி: கொல்வது கிருமியா, நஞ்சா?

விட்டுக்கொடுக்காமல் பற்றிக்கொள்வதை நாம் ‘உடும்புப்பிடி’ என்கிறோம். இந்தோனேசியாவின் கொமோடோ, ரிஞ்சா, புளோரஸ் தீவுகளில் வாழும் கொமோடோ உடும்பு நம்மூர் உடும்புக்கு நெருங்கிய உறவுதான். ஆனால் மான், எருமை போன்ற பெரிய இரையை அது பிடித்தபடியே இருப்பதில்லை. கடித்த வேகத்தில் தலையைப் பின்னால் இழுத்துச் சதையைக் கிழித்துவிடும்.

அதற்குக் காரணம் மண்டையோட்டின் அமைப்பு. பெரிய ஆண் 3 மீட்டர் நீளமும் சுமார் 70 கிலோ எடையும் இருந்தாலும் அதன் மண்டையோடு லேசானது. முதலையைப் போலத் தாடையால் நொறுக்கும் பலம் இல்லை. அந்தக் குறையைப் பற்கள் ஈடுகட்டுகின்றன. சுமார் 60 பற்கள், ஒவ்வொன்றும் பின்னோக்கி வளைந்து, விளிம்பில் ரம்பம் போன்ற கூர்முனைகள் கொண்டவை. அந்த விளிம்பிலும் நுனியிலும் இரும்புச் சத்து படிந்து ஆரஞ்சு நிறத்தில் இருப்பதை 2024இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பல் மழுங்கினாலோ விழுந்தாலோ கவலையில்லை; வாழ்நாள் முழுவதும் புதுப்பல் முளைத்துக்கொண்டே இருக்கும்.

இதன் வாய் நிறையக் கொடிய கிருமிகள், கடிபட்ட விலங்கு சில நாளில் சீழ்பிடித்துச் சாகும் என்று பாடநூல்கள்கூடப் பல காலம் சொல்லிவந்தன. அந்த விளக்கம் இன்று நிற்கவில்லை. 2009இல் நஞ்சு ஆய்வாளர் பிரையன் ஃபிரையின் குழு, கீழ்த்தாடையில் நஞ்சுச் சுரப்பிகள் இருப்பதைக் காட்டியது. பாம்பைப் போலப் பல்லுக்குள் துளை கிடையாது. நஞ்சு பற்களின் இடுக்கில் கசிந்து காயத்தில் கலக்கிறது. இரத்தம் உறைவதைத் தடுத்து, இரத்த அழுத்தத்தையும் இறக்குகிறது. 2013இல் விலங்குக் காட்சியகங்களில் உள்ள உடும்புகளின் வாயைச் சோதித்தபோது, மற்ற ஊனுண்ணிகளின் வாயில் உள்ளது போன்ற சாதாரணக் கிருமிகளே கிடைத்தன. அப்படியானால் எருமைகளுக்குச் சீழ் பிடிப்பது ஏன்? கடிபட்ட எருமை தப்பித்து ஓடிச் சாணம் கலந்த தேங்கிய குட்டையில் இறங்குகிறது. ஆழமான காயத்தோடு அந்த நீரில் நின்றால் வேறென்ன ஆகும்? நஞ்சின் பங்கு எவ்வளவு, வெறும் இரத்தப்போக்கின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் மட்டும் அறிஞர்களிடையே இன்னும் ஓயவில்லை.

இரை கிடைத்தால் தன் எடையில் 80 சதவீதம் வரை ஒரே வேளையில் தின்றுவிடும். ஆட்டுக்குட்டி அளவுள்ள இரை என்றால் முழுசாகவே உள்ளே போகும். தொண்டை அடைபட்டிருக்கும்போதும் நாக்குக்கு அடியில் உள்ள குழாய் வழியாக மூச்சு விடும். விழுங்கச் சிரமமானால் இரையை மரத்தில் முட்டி உள்ளே தள்ளும். தின்றபின் வெயில் காய்ந்தே தீர வேண்டும்: உடல் சூடேறாவிட்டால் வயிற்றில் இறைச்சி செரிக்காமல் அழுகி, உடும்பையே நஞ்சாகத் தாக்கும். செரிக்காத முடி, கொம்பு, பல் எல்லாம் நாற்றமடிக்கும் உருண்டையாக வாய்வழியே வெளியே வரும். உடனே முகத்தைத் தரையில் தேய்த்துக்கொள்ளும். நன்றாகத் தின்றால் மாதம் ஒரு வேளையே போதும்.

முட்டையிடுவது செப்டம்பர் வாக்கில். மண்ணையும் சருகையும் குவித்து முட்டையிடும் மேட்டுக்கோழியின் பழைய மேடுதான் பெரும்பாலும் கூடு. சுமார் 20 முட்டைகள், ஏழெட்டு மாத அடைகாலம். மழைக்காலம் முடிந்து பூச்சிகள் மலிந்த ஏப்ரலில் குஞ்சுகள் வெளிவருகின்றன. வந்ததும் அவை முதலில் செய்வது மரமேறுவது. பெரிய உடும்புகள் தம் இனக் குஞ்சையும் விடாமல் தின்னும். ஆனால் வளர்ந்த உடும்பு அந்த எடையோடு மரமேற முடியாது. அதனால் குஞ்சுகள் பல்லியையும் பூச்சியையும் பிடித்துத் தின்றபடி, தரையில் தாக்குப்பிடிக்கும் அளவு வளரும்வரை சில ஆண்டுகள் கிளைகளிலேயே வாழும். இடையில் செத்த விலங்கைத் தின்னக் கீழே இறங்கினால், அதன் குடலில் உள்ள சாணத்தில் முதலில் புரண்டுகொள்ளும். அந்த நாற்றம் ஒட்டியிருந்தால் பெரியவை அண்டுவதில்லை.