மைக்குக்குள் கசியும் டிரம்ஸ்

1953 மே 15 அன்று டொராண்டோவின் மாஸி ஹாலில் ஐந்து ஜாஸ் கலைஞர்கள் மேடையேறினார்கள். சாக்ஸபோனில் சார்லி பார்க்கர், ட்ரம்பெட்டில் டிஸ்ஸி கில்லெஸ்பி, பியானோவில் பட் பவல், டிரம்ஸில் மேக்ஸ் ரோச், பாஸ் என்று சுருக்கிச் சொல்லப்படும் பெரிய தந்தி வாத்தியமான டபுள் பாஸில் சார்லஸ் மிங்கஸ். கச்சேரி பதிவானது. ஆனால் டேப்பைப் போட்டுக் கேட்டபோது மிங்கஸின் பாஸ் எங்கோ அடியில் முனகிக்கொண்டிருந்தது. மனிதர் சும்மா விடவில்லை. தன் பாஸை அந்த டேப்பின் மேல் மறுபடி வாசித்துச் சேர்த்துத்தான் ஆல்பத்தை வெளியிட்டார்.

நேரடிப் பதிவு என்று சொல்லிவிட்டு இப்படிச் செய்யலாமா என்ற சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். பாஸ் மட்டும் ஏன் அமுங்கிப்போனது?

டபுள் பாஸின் மிகத் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அந்த ஒலியின் ஓர் அலை 8 மீட்டருக்கும் நீளம். வாத்தியம் ஆளுயரம் இருந்தாலும் அவ்வளவு நீண்ட அலையைக் காற்றில் கிளப்ப அதன் உடல் போதாது. உள்ளங்கையால் குளத்தைக் கலக்கப் பார்ப்பது மாதிரிதான். நம் காதும் கைகொடுப்பதில்லை. 40 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 40 அதிர்வு) ஒலி காதில் விழவே, 1000 ஹெர்ட்ஸ் ஒலியைவிடச் சுமார் 50 டெசிபல் கூடுதல் அழுத்தம் வேண்டும். நமக்குக் கேட்கும் பாஸில் பெரும்பங்கு, 41இன் மடங்குகளாக 82, 123 என்று மேலே போகும் மேற்சுரங்கள். அவற்றைக் கொண்டு அடிச்சுரத்தை மூளையே ஊகித்துக்கொள்கிறது. கைபேசியின் குட்டி ஸ்பீக்கரிலும் பாஸின் சுரம் பிடிபடுவது இதனால்தான். இப்படிப்பட்ட வாத்தியத்துக்குப் பக்கத்திலேயே டிரம்ஸ் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்?

பாஸ் மைக்கின் ஒலியைக் கூட்டினால், பாஸோடு சேர்ந்து டிரம்ஸும் ஏறும். சவுண்ட் இன்ஜினியர்கள் இதைக் கசிவு என்பார்கள். மேடையில் ஐந்து மைக் இருந்தால் ஐந்திலும் டிரம்ஸ் இருக்கும். ‘சாக்ஸ் மைக்’ என்பது ஒரு மரியாதைப் பெயர்தான். சாக்ஸ் கொஞ்சம் அதிகமாகக் கேட்கும் மைக், அவ்வளவே.

கசிவு சத்தத்தைக் கூட்டுவதோடு நின்றால் பரவாயில்லை. டிரம்ஸிலிருந்து அதன் மைக் அரை மீட்டர், சாக்ஸ் மைக் 2.2 மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. ஆக, அதே அடி இரண்டாவது மைக்கை 5 மில்லிவினாடி தாமதமாகத் தொடுகிறது. இரண்டையும் கலந்தால் 100 ஹெர்ட்ஸில் ஓர் அலையின் மேடும் மற்றதன் பள்ளமும் மோதி ஒன்றையொன்று தின்றுவிடும். 300, 500, 700 என்று மேலேயும் இதே கதை. நடுவில் 200, 400, 600இல் இரண்டும் சேர்ந்து வீங்கும். எந்த அலைவரிசையில் ஒலி எவ்வளவு என்று வரைந்து பார்த்தால் சீப்பின் பற்கள் போலிருக்கும். காதுக்கு அது உள்ளீடற்ற, தகர டப்பாவுக்குள் தட்டுவது போன்ற டிரம்ஸ்.

இரண்டு ஒலிகளும் சம அளவில் இருக்கும்போதுதான் இந்த அழிவு முழுமையாகும். அதனால்தான் மைக்கை வாத்தியத்தோடு ஒட்டி வைக்கிறார்கள். தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபல் இறங்கும். ஒரு மைக்குக்கும் அதன் வாத்தியத்துக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காவது தள்ளி அடுத்த மைக் இருக்கட்டும் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. அப்படி வைத்தால் பள்ளங்கள் மறையாவிட்டாலும் ஆழம் குறையும்.

இன்னொரு கருவி, முன்னால் வரும் ஒலியைப் பிடித்துப் பின்னால் வருவதை ஒதுக்கும் கார்டியாய்ட் மைக். இதன் சவ்வுக்குப் பின்புறமும் வாசல் உண்டு, ஆனால் அந்த வழியில் வரும் ஒலி சற்றுத் தாமதிக்கப்படுகிறது. மைக்குக்குப் பின்னாலிருந்து வரும் ஒலி பின்வாசலில் நுழைந்து தாமதிப்பதற்குள், வெளியே சுற்றிப்போய் முன்பக்கத்தையும் எட்டிவிடும். சவ்வை இரு பக்கமும் ஒரே நேரத்தில் ஒரே அளவில் அழுத்தினால் அது அசையாது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான், ஆனால் எல்லா அலைவரிசையிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. பக்கவாட்டில் நுழையும் சிம்பல் (டிரம்ஸின் உலோகத் தட்டு) ஒலி மங்கிப்போய் வரும். கசிவு எவ்வளவு என்பதைவிட, கசிந்தது கேட்க நன்றாக இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் கவனிப்பேன்.

அப்படியானால் ஆளாளுக்கு ஓர் அறை கொடுத்துவிடலாமே? ஸ்டூடியோவில் செய்கிறார்கள். கச்சேரி மேடையில் அது நடக்காது, ஜாஸ் கலைஞர்கள் விரும்பவும் மாட்டார்கள். 2 மீட்டரில் நிற்பவரின் தாளம் 6 மில்லிவினாடியில் வந்துவிடும். 10 மீட்டர் தள்ளி நிறுத்தினால் 29. தாளத்தைச் சற்றே முந்துவதும் பிந்துவதுமே அழகாக இருக்கும் இசையில் அந்த இடைவெளி கையில் உறைக்கும். வாசிப்பவர்களுக்கு நெருக்கம் வேண்டும், மைக்குகளுக்கு விலகல் வேண்டும். மேடை அமைப்பு என்பது இந்த இழுபறியில் ஒரு சமரசம்.

கசிவுக்கு இன்னொரு விளைவும் உண்டு. பாஸ் கலைஞர் ஒரு சுரத்தைத் தவறவிட்டால் பிறகு அதை மாற்ற முடியாது; பாஸ் டிராக்கில் அழித்தாலும் பியானோ மைக்கில் அது உட்கார்ந்திருக்கும். மிங்கஸால் சேர்க்க முடிந்தது, நீக்க முடிந்திருக்காது. 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் என்ற நிலவறைக் கிளப்பில் ஜாஸ் கலைஞர்கள் பில் எவன்ஸ், ஸ்காட் லஃபாரோ, பால் மோஷன் மூவரும் வாசித்த பதிவில் கண்ணாடிக் கோப்பைகள் உரசும் ஒலிகூட அப்படித்தான் நிலைத்துவிட்டது.

அடுத்த முறை சிறு குழுவின் கச்சேரிப் பதிவை ஹெட்போனில் கேட்கும்போது, சாக்ஸ் தனிவாசிப்பு முடியும் இடத்தில் சாக்ஸை விட்டுவிட்டு சிம்பலைக் கவனியுங்கள். இன்ஜினியர் அங்கே சாக்ஸ் மைக்கைக் குறைக்கிறவராக இருந்தால், டிரம்ஸ் கலைஞர் எதையும் மாற்றாமலே சிம்பல் சட்டென்று கிட்டே வந்து கூர்மையாகும்.