சிள்வண்டு வேறு, வெட்டுக்கிளி வேறு

லட்சம் கோடி வெட்டுக்கிளிகள் அமெரிக்காவை முற்றுகையிடப் போகின்றன என்று 2024 கோடையில் ஒரு செய்தி சுற்றி வந்தது. 2021இலும் இதே பாட்டு. 2025இல் வேறொரு கூட்டம் மண்ணைவிட்டு எழுந்தபோதும் அதே வெட்டுக்கிளிதான். மூன்று முறையும் மண்ணிலிருந்து வந்தது வெட்டுக்கிளி அல்ல. ஆங்கிலத்தில் ‘சிக்காடா’ என்று சொல்லப்படும் பூச்சி. அதற்கு நம்மிடம் ஈராயிரம் ஆண்டாகப் பெயர் இருக்கிறது. இன்றும் மலையடிவார ஊர்களில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும் பெயர்: சிள்வண்டு.

முதலில் சொல்லின் பிறப்பு. ‘சிக்காடா’ லத்தீன் சொல், அப்படியே ஆங்கிலத்துக்குப் போனது. கிரேக்கர்கள் ‘தெத்திக்ஸ்’ என்றார்கள், அது பூச்சியின் ஓசையைக் கேட்டு வைத்த பெயர். நம்முடைய ‘சிள்’ளும் அப்படித்தான். சங்கப் பாட்டில் இதன் பெயர் சிள்வீடு. ‘சிள்வீடு கறங்கும் சிறியிலை வேலத்து’ என்கிறது அகநானூறு: உச்சி வெயில், வறண்ட காடு, வேலமரம், அதில் ஓயாத இரைச்சல். பதிற்றுப்பத்தில் இதே பூச்சி ‘சிதடி’யாக வந்து பெரும்பஞ்சத்தில் கத்துகிறது. ‘வீடு’ என்பது ‘விடு’ என்ற வினை நீண்டு பெயரானது என்றே எனக்குப் படுகிறது. சுடு சூடானதுபோல, கெடு கேடானதுபோல. சிள் என்று ஒலி விடுவது சிள்வீடு. மலையாளத்தில் இன்றும் ‘சீவீடு’ என்கிறார்கள். பாலக்காட்டு சைலன்ட் வேலிக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கே சீவீட்டின் சத்தம் இல்லாததால்தான் என்று ஒரு விளக்கம் வெகுகாலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. ஒரு பூச்சி கத்தாததே ஒரு காட்டின் பெயருக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது என்றால், அது கத்தினால் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறப்பு இவ்வளவுதான். வழக்கு வெட்டுக்கிளியோடு.

இந்தக் குழப்பத்தின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து போய்க் குடியேறியவர்கள் இந்தப் பூச்சிகள் திடீரென்று மண்ணிலிருந்து கூட்டங்கூட்டமாகக் கிளம்புவதைக் கண்டு திகைத்துப்போனார்கள். ஊரில் பார்த்ததில்லை, பெயரும் தெரியாது. பூச்சிக் கூட்டம் என்றதும் அவர்கள் மனத்தில் வந்தது விவிலியத்தில் எகிப்தைத் தின்று தீர்த்த ‘லோகஸ்ட்’. அதையே இதற்கும் வைத்தார்கள். அந்த நாட்டுப் பேச்சில் ‘பதினேழாண்டு லோகஸ்ட்’ என்ற பெயர் இன்றும் உண்டு. நம் மொழிபெயர்ப்பாளர் அகராதியைப் புரட்டுகிறார், லோகஸ்ட் என்றால் வெட்டுக்கிளி என்று இருக்கிறது, போட்டுவிடுகிறார். முந்நூறு ஆண்டுக்கு முன் ஒரு குடியேறி செய்த பிழையை, அந்தப் பூச்சியோடு பிறந்து வளர்ந்த நாம் கடன் வாங்க என்ன தலையெழுத்து?

பெயரில் என்ன இருக்கிறது, ஏதோ ஒரு பூச்சிதானே என்பவர்கள் உண்டு. இரண்டின் வாயையும் பார்த்துவிட்டுப் பேசட்டும். வெட்டுக்கிளிக்குக் கத்தரிபோல இரண்டு தாடைகள். பெயரிலேயே வெட்டு இருக்கிறது. பாலைவன வெட்டுக்கிளி ஒவ்வொன்றும் நாளொன்றுக்குத் தன் எடையளவு, சுமார் 2 கிராம், பசுமையைத் தின்னும். ஒரு சதுர கிலோமீட்டர் கூட்டத்தில் 4 கோடி வரை இருக்கும், சில சமயம் அதற்கும் மேல். காற்றோடு ஒரு நாளில் 150 கிலோமீட்டர் போய்விடும். 2020இல் ராஜஸ்தான் உழவர்கள் தட்டையும் தகரமும் அடித்து விரட்டியது இதைத்தான். சிள்வண்டுக்கு வெட்டும் வாயே கிடையாது. தலைக்கு அடியில், முன்னங்கால்களுக்கு நடுவே மடங்கிய ஓர் ஊசிக்குழல், அவ்வளவுதான். அதை மரத்தில் குத்தி, வேரிலிருந்து மேலேறும் நீர்ச்சாற்றை உறிஞ்சும். பறப்பதிலும் சோம்பேறி, பிறந்த மரத்தைவிட்டு அதிகம் நகராது. பெண் பூச்சி இளங்கிளைகளைக் கீறி முட்டை வைப்பதால் கிளை நுனிகள் கருகும். பழத்தோட்டக் கன்றுகளுக்கு அது தொல்லைதான். வயலுக்கு ஒன்றும் ஆகாது. உறவுமுறை பார்த்தாலும் வெட்டுக்கிளிக்குப் பங்காளி சுவர்க்கோழி, சிள்வண்டுக்குப் பங்காளி அசுவினியும் மூட்டைப்பூச்சியும். இரண்டும் இரு வேறு வரிசை.

வெட்டுக்கிளி என்று எழுதிய அந்த நொடியில் செய்தி பஞ்சச் செய்தியாகிவிடுகிறது. முற்றுகை, படையெடுப்பு, தாக்குதல் என்று வினைச்சொற்கள் தாமாக வந்து ஒட்டிக்கொள்கின்றன. வாசகர் ‘ஐயோ, அமெரிக்காவிலும் பயிர் போச்சா’ என்கிறார். நடந்தது படையெடுப்பு அல்ல. மண்ணுக்கடியில் 13 ஆண்டும் 17 ஆண்டும் வளர்ந்த பூச்சிகள், எட்டு அங்குல ஆழத்தில் மண் 18 டிகிரி செல்சியஸ் சூடானதும் மேலே வந்து, பாடி, கூடி, முட்டையிட்டு, நாலைந்து வாரத்தில் செத்துப்போயின. காக்கையும் அணிலும் வயிறு முட்டத் தின்றன. 2021 ஜூனில் அதிபர் பைடனின் ஐரோப்பியப் பயணச் செய்தியாளர்கள் ஏறவேண்டிய விமானத்தின் இயந்திரப் பகுதியில் சிள்வண்டுகள் புகுந்து அடைத்துக்கொண்டு பல மணிநேரம் தாமதமாக்கின. அவை செய்த பெரிய அட்டூழியம் அதுதான்.

இந்தப் பிழை செய்தியோடு நிற்கவில்லை, நம் பாலர் பாடம்வரை வந்திருக்கிறது. எறும்பும் வெட்டுக்கிளியும் கதை தெரியாதவர் யார்? எறும்பு கோடை முழுக்கச் சேர்த்தது, வெட்டுக்கிளி பாடித் திரிந்தது. ஈசாப்பின் பெயரில் வழங்கும் கிரேக்கக் கதையில் அந்தப் பாடகன் தெத்திக்ஸ், அதாவது சிள்வண்டு. பிரெஞ்சில் லா ஃபொந்தேன் எழுதியபோதும் சிள்வண்டாகவே வைத்தார். ஆங்கிலத்துக்கு வந்தபோது, அந்தக் குளிர்நாட்டு வாசகர்களுக்குச் சிள்வண்டு பழக்கமில்லை என்பதால் வெட்டுக்கிளி ஆனது. அவர்களுக்கு அது நியாயம். நமக்கு என்ன வந்தது? கோடை முழுக்கத் தொண்டை கிழியப் பாடுவது நம்மூரில் சிள்வண்டுதான் என்று மாடு மேய்க்கும் பிள்ளைக்குத் தெரியும். சிள்வண்டு என்று போட்டால் கதை உடனே நம் மண்ணுக்கு வந்துவிடும், கிரேக்க மூலத்துக்கும் அருகில் போய்விடும். ஒரே சொல்லில் இரண்டு லாபம்.

அறிவியல் புனைகதை படிக்கிற எனக்கு இதில் தனி வருத்தம் ஒன்று உண்டு. வேற்றுக்கிரகப் பூச்சி என்றாலே கதைக்காரர்கள் வெட்டுக்கிளியைத்தான் பெரிதாக்கி அனுப்புகிறார்கள்: ஒரே மனம், கோடி உடல், போகும் கிரகத்தையெல்லாம் மொட்டையடிக்கும் பசி. சிள்வண்டை வைத்து யோசித்துப் பாருங்கள். இருட்டில் உட்கார்ந்து ஆண்டுகளை எண்ணும் ஓர் உயிரினம். எண்ணுவது 13, 17 என்ற பகா எண்களை. விண்வெளியிலிருந்து பகா எண் வந்தால் அங்கே அறிவுள்ளவர் இருக்கிறார் என்று கதைகளில் துள்ளிக் குதிக்கிறோம், வேருக்கடியில் ஒரு பூச்சி அதைக் கடைப்பிடிக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை பெருகும் பகையோடு கணக்கு ஒத்துப்போகாமல் தப்பிக்கவே பகா எண் என்பது ஒரு கருத்து. எப்படி எண்ணுகிறது என்பதற்கு 2000இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் அழகு. கலிபோர்னியாவில் ரிச்சர்ட் கார்பனும் கூட்டாளிகளும் 15 வயதுப் பூச்சிகளை, ஓர் ஆண்டில் இரண்டு முறை துளிர்க்கும்படி செய்த பீச் மர வேர்களில் விட்டார்கள். அவை ஓராண்டு முன்னதாகவே மேலே வந்துவிட்டன. ஆக, பூச்சி எண்ணியது ஆண்டை அல்ல, மரத்தின் வசந்தத்தை. மரம் இரண்டு முறை துளிர்த்தால் அதற்கு இரண்டு ஆண்டு.

இதைத் தெரிந்தபின் ‘பதினேழு ஆண்டு உறக்கத்திலிருந்து விழிக்கும் வெட்டுக்கிளிகள்’ என்று எழுத எப்படி மனம் வரும்? உறக்கம் எங்கே வந்தது? அந்த ஆண்டுகளில் அது சாறு குடிக்கிறது, தோல் உரித்து ஐந்து பருவமாக வளர்கிறது, சுரங்கம் தோண்டுகிறது. ஒரு சொல்லில் பூச்சி தப்பு, அடுத்த சொல்லில் அதன் வாழ்க்கை தப்பு.

மரத்தடியில் சிள்வண்டின் சட்டை கிடைத்தால் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். நம் காடுகளில் கோடை மழைக்குப்பின் மரப்பட்டையில் இடுப்புயரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். எடை இருக்காது, ஊதினால் பறக்கும். முதுகில் நேர்கோடாக ஒரு பிளவு, அதன் வழியேதான் பூச்சி வெளியேறியது. பிளவின் உள்ளே மெல்லிய வெள்ளை நூல்கள் தொங்கும், அவை மூச்சுக்குழல்களின் உள்தோல். கண் இருந்த இடத்தில் கண்ணாடிக் குமிழ். முன்னங்கால் இரண்டும் மண்வெட்டிபோலத் தடித்து முள்ளோடு வளைந்திருக்கும், அதுதான் மண்ணைத் தோண்டிய கருவி. பின்னங்காலில் வெட்டுக்கிளியின் நீண்ட தாவுதொடையைத் தேடினால் கிடைக்காது.

சரி, வெட்டுக்கிளி வேண்டாம், சிக்காடா என்றே எழுதிவிடலாமே என்பவர்களுக்கு: ரயிலும் பஸ்ஸும் நம்மிடம் இல்லாமல் வந்தவை, அவற்றுக்குப் பெயரோடு வந்தது சரி. தினமும் காதில் விழும் ஓசைக்கு லத்தீன் எதற்கு? சுவர்க்கோழி என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது இரவில், வீட்டு மூலையில், இறக்கையோடு இறக்கை உரசிக் கிரீச்சிடுவது. சிள்வண்டு பெரும்பாலும் பகலில், மரத்தின் மேல், வயிற்றின் இருபக்கமும் உள்ள விலாச்சவ்வை உள்ளே இழுத்து விட்டு ஒலிப்பது. ஆணின் வயிறு ஏறக்குறைய வெறும் கூடு, அதனால்தான் சின்ன உடலிலிருந்து அவ்வளவு பெரிய ஓசை. பெண்ணுக்கு அந்தச் சவ்வு இல்லை.

கடைசியாக வருகிறவர்கள் தூய்மைக்காரர்கள். வண்டு என்றால் கடினச் சிறகுப் பூச்சி, சிக்காடா அந்த இனம் இல்லை, ஆகவே சிள்வீடு என்றே எழுதவேண்டும் என்பார்கள். சிள்வீடு எனக்கும் இனிக்கும் சொல்தான். ஆனால் செய்தித் தலைப்பில் போட்டால் வாசகர் ‘வீடு’ என்ற இடத்தில் தடுக்கி நிற்பார். வண்டு என்ற சொல்லைக் கடினச் சிறகுக்கு மட்டும் எழுதிவைத்தது பாடநூல், தமிழ் அல்ல. பூவில் முரலும் தேனீயினத்தையும் வண்டு என்றே நம் புலவர்கள் பாடினார்கள். ரீங்காரம் செய்வது வண்டு. சிள்ளென்று செய்வது சிள்வண்டு. பேச்சில் சில்வண்டு என்றும் சொல்வார்கள், அச்சிலும் அப்படிப் பார்க்கலாம். சங்கச் சொல்லில் ளகரம் இருப்பதால் நான் சிள் என்று எழுதுகிறேன். லகரக்காரரோடு எனக்குச் சண்டை இல்லை.

பெயர் பிழைத்தால் வேறு செய்திகளும் கெடும். 2012இல் ஆஸ்திரேலியாவின் ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகத்தார் சிள்வண்டின் இறக்கையில் உள்ள நுண்தூண்கள் சில பாக்டீரியாக்களைக் கிழித்துக் கொல்வதைக் காட்டினார்கள். மாஸ்ஸோஸ்போரா என்ற பூஞ்சை சிள்வண்டின் பின்வயிற்றைத் தின்று தீர்த்த பிறகும் அது இணைதேடி அலையும் செய்தி இன்னொன்று. இணையத்தில் அதை ‘ஸாம்பி’ என்று கொண்டாடுகிறார்கள். வெட்டுக்கிளியைக் கொல்லும் பூஞ்சை தனியாக வேறு இருக்கிறது. இங்கே பெயரை மாற்றிப் போட்டால், படித்த மாணவர் நாளை எந்தப் பூச்சியைத் தேடிப் போவார்? நம் நாட்டிலேயே மேகாலயாவின் ரிபோய் மாவட்டத்தில் நான்காண்டுக்கொருமுறை மண்ணிலிருந்து எழும் ஒரு சிள்வண்டு உண்டு. அங்கே அதன் பெயர் ‘நியாங்டாசர்’. உலகக் கோப்பைக் கால்பந்து நடக்கும் ஆண்டுகளில் வருவதால் உலகக் கோப்பைப் பூச்சி என்றும் பெயர் வாங்கிவிட்டது. ஊர்மக்கள் பந்தம் பிடித்துப் பொறுக்கிச் சமைத்து உண்கிறார்கள். அதையும் தமிழில் வெட்டுக்கிளி என்று எழுதிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு இருக்கிறது.

எழுதப்போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு. மண்ணுக்கடியில் இருக்கும் பருவத்தை ஆங்கிலத்தில் ‘நிம்ஃப்’ என்பார்கள். அதைத் தேவதை என்றோ அணங்கு என்றோ பெயர்க்கவேண்டாம். அணங்கு வருத்தும் தெய்வம், வேர்ச்சாறு குடிக்கும் குட்டிப்பூச்சி அல்ல. இளம்பூச்சி என்றால் போதும். அடுத்து, ஒரே ஆண்டில் எழும் கூட்டத்துக்கு அங்கே ‘ப்ரூட்’ என்று பெயர். அதற்கு ‘அணி’ சரியாக வரும். 1898இல் சார்லஸ் மார்லட் இந்த அணிகளுக்கு ரோமன் எண் கொடுத்தார், அந்த எண் ஆயுள் ஆண்டுகளின் எண்ணிக்கை அல்ல. 2024இல் எழுந்த 13ஆம் அணி பதினேழாண்டுக்காரர்கள். அதனோடு சேர்ந்து எழுந்த பதிமூன்றாண்டுக்காரர்கள் 19ஆம் அணி. இரண்டும் ஒன்றாக எழுந்தது அதற்குமுன் 1803இல், ஜெஃபர்சன் அதிபராக இருந்தபோது. 13ஐ 17ஆல் பெருக்கினால் 221, ஆகவே அடுத்த சந்திப்பு 2245இல். 13ஆம் அணி என்றால் பதிமூன்றாண்டுப் பூச்சி என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். 10ஆம் அணி 2038இல் எழும், அதுவும் பதினேழாண்டுச் சிள்வண்டுதான்.