ஐ7 இருக்கட்டும், எத்தனாவது ஜெனரேஷன்?

போன அக்டோபரில் அம்பத்தூரிலிருந்து ஒருவர் பைக் டேங்க் மேல் சிபியூவை வைத்து, பழைய பெட்ஷீட்டால் சுற்றிக் கட்டி என் சர்வீஸ் கடைக்குக் கொண்டுவந்தார். மகள் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ், இரண்டாம் ஆண்டு. "புதுசு சார், ஐ7. வாங்கி ரெண்டு மாசம்தான் ஆகுது. பாப்பா ஆப் எழுதுற ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவைத் திறந்தா அப்படியே நின்னுடுது." 24,000 ரூபாய் கொடுத்திருக்கிறார்.

கேபினெட் பளபளவென்று இருந்தது. கண்ணாடிக் கதவு, நிறம் மாறும் ஃபேன். கதவைக் கழற்றினால் உள்ளே ஹெச்61 என்ற அந்தக் காலத்து மதர்போர்டு, அதில் ஐ7-2600. அந்தப் பிராசஸர் 2011-இல் வந்தது. பாப்பா அப்போது யுகேஜி படித்திருப்பாள். இந்த மாதிரி போர்டு இன்னமும் புதிதாகச் செய்து வருகிறது. அதில் பழைய பிராசஸரையும் பழைய ராமையும் சொருகினால் 'புது' கம்ப்யூட்டர் தயார். ஐ7 என்று விற்றவர் சொன்னது பொய்யில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். இதிலும் வேலை பார்க்கும் கோர் நாலு, ஐ3-12100-இலும் நாலு. ஆனால் பன்னிரண்டாவது ஜெனரேஷனான அந்த ஐ3, இரண்டாவது ஜெனரேஷனான இந்த ஐ7-ஐ ஓட ஓட விரட்டும்.

ஆகவே கம்ப்யூட்டர் வாங்கச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போகிறவர்கள் முதலில் பிராசஸர் எண்ணைப் படிக்கப் பழகுங்கள். எத்தனாவது ஜெனரேஷன், அதாவது தலைமுறை, என்பது அதில்தான் இருக்கிறது. ஐ5-8500 என்றால் எட்டாவது ஜெனரேஷன். ஐ5-12400 என்று ஐந்து இலக்கம் வந்தால் முதல் இரண்டு இலக்கம், அதாவது பன்னிரண்டாவது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாவது ஜெனரேஷனாவது வேண்டும். ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்துதான், அதிலும் சில மாடல் சேராது. அதற்குக் கீழே உள்ளதிலும் குறுக்குவழியில் ஏற்றித் தருவார்கள். அம்பத்தூர்க்காரர் மெஷினிலும் அப்படித்தான் ஏற்றியிருந்தார்கள்.

எண்ணுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தையும் பாருங்கள். 12400எஃப் கொஞ்சம் விலை குறைவு என்று ஆசைப்பட்டு வாங்கி வந்து, "டிஸ்ப்ளே வரல" என்று போன் செய்த பையன்கள் உண்டு. எஃப் என்றால் பிராசஸருக்குள் திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் இல்லை, தனி கார்டு போட்டே ஆக வேண்டும்.

பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் என் ஓட்டு, கம்பெனி லீசு முடிந்து வரும் ரீஃபர்பிஷ்டு மெஷினுக்கு. டெல் ஆப்டிபிளெக்ஸ், ஹெச்பி புரோடெஸ்க், லெனோவோ திங்க்சென்டர். ஏசி ரூமில் எக்செல் பார்த்தே வளர்ந்த மெஷின்கள் அவை, அடிபட்டிருக்காது. பெரும்பாலும் விண்டோஸ் லைசென்ஸ் போர்டில் உள்ள பயாஸிலேயே இருக்கும், கிராக் போட வேண்டியதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: ஒல்லியாக இருக்கும் மாடலில் சாதாரண கிராபிக்ஸ் கார்டு நுழையாது, உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸும் அந்தக் கம்பெனிக்கே உரிய அளவு. பின்னால் கார்டு போட வேண்டிய சிவில், மெக்கானிக்கல், விஸ்காம் பிள்ளைகள் டவர் மாடலாகக் கேளுங்கள். பி.காம்., பி.ஏ. பிள்ளைகளுக்கு ஒல்லியே போதும், 8 ஜிபி ராமும் போதும். கோடிங், கேட் (CAD, கம்ப்யூட்டரில் வரைபடம் போடுவது) வேலை என்றால் 16 ஜிபி. அதையும் 8, 8 என்று இரண்டாகப் போட்டால் தனி கார்டு இல்லாமல் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் கொஞ்சம் மூச்சு விடும். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டதில் ராம் விலை தாறுமாறாக ஏறியது. அதனால் ராம் போட்டே வரும் பழைய மெஷின் இன்னும் லாபம். எஸ்எஸ்டி (பழைய ஹார்டு டிஸ்க்கான ஹெச்டிடியைவிட வேகமானது) இல்லாத மெஷினைத் தொடவே வேண்டாம்.

பணம் கொடுக்கும் முன் கடையிலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போனால் பிராசஸரின் முழுப் பெயர், ராம் எத்தனை ஸ்லாட்டில் இருக்கிறது, டிஸ்க் எஸ்எஸ்டியா ஹெச்டிடியா, எல்லாம் தெரியும். "எதுக்கு சார் நோண்டுறீங்க" என்று கடைக்காரர் கேட்டால் அடுத்த கடைக்கு நடங்கள்.

அசெம்பிள் பண்ணித்தான் ஆக வேண்டும் என்றால் எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். மேலே 450 வாட்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கையில் தூக்கினால் டிபன் பாக்ஸ் கனம்கூட இருக்காது. அது போகும்போது சும்மா போகாது, போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். கரண்டை அதிகம் வீணாக்காததற்குத் தரும் 80 பிளஸ் முத்திரை உள்ளதாக, தெரிந்த கம்பெனியின் சரக்காக வாங்குங்கள். சில வீடுகளில் "கேபினெட்டைத் தொட்டா சுர்ருங்குது" என்பார்கள். போய்ப் பார்த்தால் மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் மாட்டியிருப்பார்கள், அல்லது சுவரிலேயே எர்த் இருக்காது. அதற்குக் கூப்பிட வேண்டியது எலெக்ட்ரீஷியனை, என்னை அல்ல. 600 விஏ யுபிஎஸ் ஒன்று கட்டாயம். கரண்ட் போனால் ஃபைலை சேவ் பண்ணி அணைக்க நேரம் கிடைக்கும். சிபியூவைத் தரையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழைக்குப் பிறகு வந்த போர்டுகளில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளை படிந்திருந்தது. ஒரு செங்கல் உயரத்தில் ஸ்டாண்டு போட்டிருந்தால் அதில் பாதி தப்பியிருக்கும்.

அம்பத்தூர்க்காரரிடம் பில் கேட்டேன். சட்டைப் பையிலிருந்து எடுத்தார். வெள்ளைத் துண்டுச் சீட்டில் 'ஐ7 பிசி 1' என்று பேனாவால் எழுதியிருந்தது. ஜிஎஸ்டி எண் இல்லை, சீரியல் நம்பர் இல்லை. அதை வைத்து எந்தக் கடையில் போய் வாரன்டி கேட்பது? மானிட்டர், கீபோர்டு, எஸ்எஸ்டியை வைத்துக்கொண்டு, ஐ5-8500 போட்ட ஆப்டிபிளெக்ஸ் டவர் ஒன்றை 16 ஜிபியோடு தேடிப் பிடித்தோம். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ இப்போது நிற்பதில்லையாம். அந்தக் கலர் ஃபேனை மட்டும் புது டப்பாவில் மாட்டித் தர முடியுமா என்று பாப்பா கேட்கச் சொன்னாளாம். அளந்து பார்த்தேன், இடமில்லை.